பின்னறைக்குக் கேட்ட பாடம்

இங்கிலீசில் ‘ஹியர்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதைப் படிப்பிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ரியூசன் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் கொடுத்தேன். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. அதில் கடைசிக்கு முதல் வீடு எங்களுடையது. முன் அறையில் ஒரு கரும்பலகை, சில கதிரைகள், மூன்று பேர் இருக்க ஒரு நீள வாங்கு. பின்னேரம் நாலு மணிக்கு வகுப்பு. பின்னறையில் என் கணவர் ஒளிந்திருந்தார்.

அவர் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் கிளாக்காக இருந்தவர். கூட வேலை செய்த இரண்டு பேரை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மூன்றாவதாக இவருடைய பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே, சவூதிக்குப் போய்விட்டார் என்று நாங்கள் ஊருக்குச் சொன்னோம். பொலிஸில் குடும்ப விபரம் பதியும்போதும் அப்படியே சொன்னேன். சவூதிக்குப் போனவர் குசினிக்கு அடுத்த அறையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். யாராவது நம்பகமான ஆள் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

வகுப்பை நிறுத்து என்றுதான் அவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அடைத்துக் கிடக்கிற வீட்டை எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ஆட்கள் வந்து போகிற வீட்டை யாரும் கவனிப்பதில்லை. அதோடு அவருக்கு இழுப்பு. மழைக்காலத்தில் இருமல் நிற்காது. பின்னால் இருமல் தொடங்கினால் நான் கையை உயர்த்துவேன். வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சத்தம் போட்டு ‘ஐ ஹியர், யூ ஹியர், ஹீ ஹியர்ஸ்’ என்று சொல்லும். அந்த வருசம் என் மாணவர்களுக்கு வினைச்சொற்கள் தலைகீழ்ப் பாடம்.

மாணவர்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்த ஒரு பெரியவர். மகளிடம் லண்டனுக்குப் போகக் காத்திருந்தார். துணிக்கடையில் வேலை செய்த அக்காவும் தங்கையும். மழை தொடங்கின மாதம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். தம்பலகாமத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், மனைவி இல்லை. ஊரிலிருந்து காலைப் பஸ்ஸில் வருகிற தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரத்துக்குள் விற்பவர். எங்கள் வீட்டுக்கும் கிழமைக்கு ஒரு சட்டி பின்பக்கப் படியில் வைத்துவிட்டுப் போவார். நேவி முகாமின் சமையலறைக்கும் அவர்தான் தயிர் கொடுத்தார். முகாமுக்குள் போய் வருகிறவன் சும்மா போய் வருவானா என்று ஒழுங்கையில் கதை. எனக்கும் அதே சந்தேகம்தான். தயிர்க்காரனுக்கு எதற்கு இங்கிலீஷ்?

“கனடாவிலை அக்கா இருக்கிறா ரீச்சர். ஒருநாள் கூப்பிடுவா” என்றார். எல்லாரும் சொல்கிற பதில். அதனாலேயே நான் நம்பவில்லை.

கேட்டல் என்ற ஒரே பைக்குள் தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறோம். காதில் விழுவதும் கேட்பது, காது கொடுப்பதும் கேட்பது. இங்கிலீஷ்காரர் பிரித்து வைத்திருக்கிறார்கள். தானாக வந்து காதில் விழுந்தால் ‘ஹியர்’, நாமாகக் காதைக் கொடுத்தால் ‘லிஸின்’. எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் செய்தது இரண்டாவதை. யாராவது பிடித்துக் கேட்டால் முதலாவதுதான் என்று சத்தியம் செய்வார்கள். இதைப் படிப்பிக்க நான் வழக்கமாக ஒரு பயிற்சி வைத்திருந்தேன். எல்லாரும் கண்ணை மூட வேண்டும், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகு காதில் விழுந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இவர் பின்னறையில் இருந்தபடியால் அந்த முறை நான் அதை விட்டுவிட நினைத்தேன். ஆனால் தங்கைக்காரி விடவில்லை.

“ரீச்சர், போன முறை கண் மூடிச் செய்தனாங்களெல்லோ, அது இந்த முறை இல்லையோ?” என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாள் என்று யோசித்தேன். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று யோசிப்பார்கள். செய்தேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் திறந்துகொண்டிருந்தேன். துறைமுகத் தண்ணீருக்குள் நேவிக்காரர் வெடி போடுகிற சத்தம் வந்தது. தண்ணீருக்கு அடியால் யாரும் நீந்தி வராமல் இருக்க அவர்கள் அடிக்கடி போடுவது. வீட்டுச் சுவரும் அலுமாரிக் கண்ணாடியும் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். அது அடங்கின மறுகணம் பின்னறையில் இவர் இரண்டு முறை இருமினார். வாயைப் பொத்திக்கொண்டு இருமினாலும் இருமல் இருமல்தான்.

பெரியவர் காகம் என்றார். அக்காக்காரி பஸ் என்றாள். தங்கைக்காரி வெடி என்று தமிழில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். தயிர்க்காரர் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார்.

“ஐ ஹியர் நத்திங், ரீச்சர்.”

வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. சுவரே அதிர்ந்த சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை என்கிறவன் எதையோ கேட்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம். அன்றிரவே இவரிடம் சொன்னேன். இவர், அந்த ஆளை உடனே நிற்பாட்டு என்றார். நிற்பாட்டினால் முகாமில் போய்ச் சொல்லுவானே என்றேன். இரண்டு பேரும் குசுகுசுவென்று சண்டை பிடித்தோம். அந்தக் காலத்தில் எங்கள் சண்டையெல்லாம் குசுகுசுப்புத்தான்.

அடுத்த பாடம் அதைவிட மோசம். ‘ஹியர் ஃப்ரொம்’ என்றால் அந்த ஆளே கடிதம் போட்டோ ரெலிபோன் எடுத்தோ தகவல் தருவது. ‘ஹியர் ஒஃப்’ என்றால் அப்படி ஒருவர் இருப்பதாக யாரோ சொல்லி அறிவது. உண்மையான வசனம் ஒன்றும் அந்த வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். யாருடைய தம்பி எங்கே இருக்கிறான், யார் வீட்டுக்கு யார் வந்தது என்பதெல்லாம் வாயில் எடுக்க ஏலாத காலம். ஆனபடியால் எங்கள் வசனங்களில் எப்போதும் லண்டனில் ஒரு அத்தையும் அவவின் பூனையும் இருந்தன. அன்றைக்கு அக்காக்காரி பூனையை விட்டுவிட்டு, “ஹாவ் யூ ஹேர்ட் ஃப்ரொம் சேர், ரீச்சர்?” என்று கேட்டாள்.

சேர் என்றது என் கணவரை. ஒரு நல்ல வசனம் செய்த சந்தோசம் அவளுடைய முகத்தில் இருந்தது. அது சந்தோசம் மட்டும்தானா என்று நான் உற்றுப் பார்த்தேன். “யெஸ். ஹீ இஸ் வெல்” என்றேன். தயிர்க்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனியன் பிடித்த மழை ஒரு வியாழக்கிழமை வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வானம் கறுத்து, முதலில் காற்று, பிறகு கொட்டத் தொடங்கியது. ஒழுங்கையால் ரோந்து போன நேவிக்காரர் இரண்டு பேர் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து விறாந்தையில் ஒதுங்கினார்கள். தேடி வந்தவர்களில்லை, நனையாமல் இருக்க வந்தவர்கள். அவர்களோடு மூன்றாவதாக ஒருவன். எங்கள் ஊர்த் தமிழன், அவர்களுக்கு மொழிபெயர்க்கப் போய்ச் சேர்ந்தவன். அவன் வாசற்கதவில் சாய்ந்துகொண்டு வகுப்பைப் பார்த்தான்.

“நீங்கள் படிப்பியுங்கோ ரீச்சர். நாங்கள் சும்மா நிக்கிறம்” என்றான்.

நான் படிப்பித்தேன். ஒன்றும் நடக்காத வீடு மாதிரிக் காட்ட வேண்டும், வழக்கம்போல இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படிப்பித்தேன். அப்படி வழக்கம்போல இருக்கப் பாடுபட்டதில்தான் வழக்கம் என்னை அறியாமல் வாயால் வந்து விழுந்தது. மழைச் சத்தம் கூடின உடனே, உள்பக்கம் தலையைத் திருப்பி, “இஞ்சை கேட்டியளே, மழை பெய்யுது, கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுங்கோ” என்று கூப்பிட்டேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து, வகுப்பு நடக்கும்போது மழை வந்தால் நான் கூப்பிடுவதும் அவர் போய் எடுப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் பெண்கள் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்குப் பதிலாக ‘இஞ்சை கேட்டியளே’ என்று ஒரு கூப்பாடு வைத்திருக்கிறோம். அதைத் தம்பியிடமோ அப்பாவிடமோ வேலைக்காரரிடமோ சொல்ல மாட்டோம். விறாந்தையில் நின்ற நேவிக்காரருக்கு அது வெறும் சத்தம். கதவில் சாய்ந்து நின்றவனுக்கு அப்படியில்லை. அவனுடைய வீட்டிலும் ஒருத்தி அவனை அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். அவன் நிமிர்ந்து நின்றான்.

“ஆரை ரீச்சர் கூப்பிட்டனீங்கள்? ஐயா சவூதியிலை எண்டெல்லோ பதிவு.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகோதரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் இருந்தார்கள். எனக்குப் பொய் வரவில்லை. வாய்க்குள் இருந்த அத்தனை இங்கிலீசும் தமிழும் எங்கே போனதோ தெரியவில்லை. பின்னறையில் நாலைந்து எட்டுத் தூரத்தில் இவர் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவரை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். அதுமட்டும்தான் நினைக்க முடிந்தது.

தயிர்க்காரர் வாங்கிலிருந்து எழும்பினார்.

“என்னைத்தான்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். யாரிடமும் வழி கேட்கவில்லை. பின்னறைக் கதவைத் தாண்டி, குசினிக்குள்ளால் முற்றத்துக்கு இறங்கி, கொடியிலிருந்த உடுப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு, தெப்பமாக நனைந்து திரும்பி வந்தார். என் பாவாடையும் சட்டையும் அவருடைய தோளில் கிடந்தன. எல்லார் முன்னாலும் அவற்றைக் கதிரையில் போட்டார்.

“மடிச்சு வைக்கட்டோ?” என்று கேட்டார்.

“வையுங்கோ” என்றேன். அது என் குரல்தான்.

கதவில் நின்றவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு சிரித்தான். சிங்களத்தில் ஏதோ சொன்னான். நேவிக்காரரும் சிரித்தார்கள். மழை விட்டதும் போனார்கள். படலையைச் சாத்தும்போது அவன் எனக்குக் கண்ணைச் சிமிட்டினான். அந்தக் கண்ணை அப்படியே தோண்டி எடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சிமிட்டல்தான் என் புருசனின் உயிர் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியுமுன் கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர் லண்டன் விசா வரப்போகிறது என்று சொல்லி நின்றுவிட்டார். சகோதரிகள் ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். புருசன் சவூதியில் கிடந்து உழைக்கிறான், இவள் இங்கே தயிர்க்காரனோடு என்று குழாயடியில் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள்.

பின்னறைதான் அதைவிட மோசம். இவர் அன்று இரவு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவனுக்குக் கொடி எங்கை இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?”

“தயிர்ச் சட்டி வைக்கப் பின்பக்கம் வாறவர்தானே. கொடி அங்கைதானே கிடக்குது” என்றேன்.

“நீ கூப்பிட்ட உடனை எழும்பியிருக்கிறான்.”

‘ஹியர் அவுட்’ என்று ஒரு பிரயோகம் உண்டு. ஒருவர் சொல்ல வந்ததை முடிவுவரை சொல்ல விடுவது. அதை நான் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். என் வீட்டில் அது நடக்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அடுத்த வகுப்பு நாளில் தயிர்க்காரர் மட்டும் வந்தார். இனி வர வேண்டாம் என்று சொல்ல வாசலுக்குப் போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, “நான் வராமல் விட்டால் அந்த மொழிபெயர்க்கிறவன் திரும்பவும் யோசிப்பான் ரீச்சர். இண்டைக்கும் முகாமிலை வைச்சுக் கேட்டவன்” என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பொய் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அவர் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அப்படியே நாலு மணிக்கு வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளை ஓட்டி, ஒழுங்கை முகப்பில் இருந்த நேவிக் காவலரணைத் தாண்டி எல்லாரும் பார்க்க வந்தார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன், அவர் வாங்கின் கடைசித் தொங்கலில் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அறை நீளம். பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் இவர் இருமாமல் இருந்தார். முன்பெல்லாம் இருமலை மறைக்க நான் பாடுபட்டேன். இப்போது இருமல் ஏன் வரவில்லை என்று பயந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அது ‘ஹியர்’ இல்லை.

நானும் தயிர்க்காரரை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். இந்த மனுசன் இதற்கு என்ன கேட்கப் போகிறான் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நானே, “ஏன் அண்டைக்கு எழும்பினனீங்கள்?” என்று கேட்டேன்.

“நீங்கள் கூப்பிட்டனீங்கள். ஒருத்தரும் எழும்பேல்லை” என்றார்.

அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவரிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு முழுத் திருப்தியில்லை.

தை பிறக்க முன்னம் கொழும்புக்கு மீன் கொண்டுபோகிற ஒரு லொறிக்காரர் ஒத்துக்கொண்டார். ஆபத்து எங்கள் ஒழுங்கையில்தான். திருகோணமலையைத் தாண்டினால் இவரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒழுங்கையைத் தாண்டுவது எப்படி? அதைச் சொன்னவரும் தயிர்க்காரர்தான். பாடம் முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமல், மூடிக் கிடந்த பின்னறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

“ஐயா, என்ரை சேட்டும் சாரமும் உங்களுக்கு அளவாயிருக்கும். குடையைச் சரிச்சுப் பிடியுங்கோ. நான் போற நேரத்துக்குச் சைக்கிளிலை போனால் ஒருத்தரும் மறிக்க மாட்டினம்.”

கதவுக்குப் பின்னால் இவர் இருமினார். அதுதான் சம்மதம்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் என் கணவர் இன்னொருவருடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, வெறும் தயிர்ச் சட்டிகள் கட்டின சைக்கிளில், என் வீட்டை விட்டுப் போனார். நான் படலையடியில் நின்றேன். தயிர்க்காரரை வழியனுப்ப வழக்கமாக நிற்கிறவள் போலக் காவலரணில் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நின்றேன். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். மொழிபெயர்க்கிறவனும் அங்கே இருந்தான். “என்ன, இண்டைக்கும் நேரத்துக்கே அனுப்பிப்போட்டாவோ?” என்று தமிழில் உரக்கக் கேட்டு, அதற்கு மேலும் ஒன்று சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். தன் மனைவியைப் பற்றி அதைக் கேட்டுவிட்டு, குடைக்குள் இருந்தபடியே இவர் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தார். எனக்குக் கேட்டது. பிறகு சைக்கிள் முடக்கால் திரும்பியது.

தயிர்க்காரர் பின்னறைக்குள் இருந்தார். போனவரே திரும்பவும் ஒருமுறை போக ஏலாதே. இவர் படுத்த பாயில் அல்ல, கதவுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் குந்தியிருந்தார். நான் முன் அறையில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. நன்றாக இருட்டின பிறகு பின்வேலியால் போனார். அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. தயிரும் வேறொருவர்தான் கொண்டு வந்தார்.

இவர் கொழும்பு போய்ச் சேர்ந்தது லொறிக்காரர் சொல்லித் தெரிந்தது. நாட்டை விட்டுப் போனதும், ஒரு குளிர்தேசத்தில் இறங்கினதும் இவருடைய தமக்கை சொல்லித் தெரிந்தது. எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான். மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் கடற்கரை வீதியில் இருந்த கொமியூனிகேசன் கடைக்காரர் ஆளனுப்பினார், நாளைக்குப் பத்து மணிக்கு அழைப்பு வரும், வந்து நில்லுங்கள் என்று.

நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். ரெலிபோனில் சேலை தெரியாது என்று தெரியும், இருந்தும் கட்டினேன். உயிரோடு இருக்கிறார், அது போதும், மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தேன். முதலில் இரைச்சல். பிறகு இவருடைய மூச்சு, அந்த இழுப்பு. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

“நான்தான்” என்றேன். “சுகமாயிருக்கிறியளோ?”

“அண்டைக்கு அவன் எத்தினை மணிக்குப் போனவன்?” என்றார்.

இவரிடம் நான் எப்போதும் பொய் சொன்னதில்லை. உலகம் முழுவதுக்கும் சொன்னேன், இவரிடம் சொன்னதில்லை.

“இருட்டின பிறகு” என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் ஹலோ, ஹலோ என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன்னுடைய ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“லைன் வெட்டுப்படேல்லை ரீச்சர், ஆள் நிக்கிறார். நீங்கள் கதையுங்கோ” என்றார்.